இரவல் கொடுத்துப் பார்த்தவள்

வெங்காயம் நறுக்கும் டப்பா மூன்றே நாளில் திரும்பி வந்துவிட்டது. கயிற்றைப் பிடித்து இழுத்தால் உள்ளே கத்தி சுற்றுமே, அந்த பிளாஸ்டிக் டப்பா. ஸ்கெலட்டன் என்கிற சுரங்கக் குடியிருப்பில் தன் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருந்த ஓர் அம்மாவுக்கு அவள் அதை இரவல் கொடுத்திருந்தாள். அந்த அம்மா அதைக் கழுவித் துடைத்து, உள்ளே அரை டம்ளர் சர்க்கரை போட்டுத் திருப்பித் தந்திருந்தார். எங்கள் பக்கத்தில் இரவல் வாங்கியதை வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். அவள் அந்த டப்பாவை என் கடைக் கண்ணாடி மேஜைமேல் வைத்து, சர்க்கரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"இது வேணாங்க. லிங்க் போட மாட்டேன்."

"ஏங்க, நல்லாத்தானே கீது? தேங்க்ஸ் வேற சொன்னாங்கன்றீங்க."

"நல்லா இருந்தா இன்னாத்துக்கு மூணு நாள்ல குடுக்கப் போறாங்க? அதுவும் சர்க்கரை போட்டு! எம்மேல கீற மரியாதைக்கு வச்சது அது. நல்ல பொருள்னா நான் போயி கேட்டு வாங்கணும். கேட்டாலும் நாளைக்குத் தர்றேன்னு சொல்லணும். அப்பத்தான் அது பொருள்."

அவள் செய்த வேலை இதுதான். இணையத்தில் விற்கிற சாமான்களில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து, செல்போனில் வீடியோ எடுத்து, கீழே ஒரு லிங்க் போடுவாள். அந்த லிங்க் வழியாகப் போய் யாராவது வாங்கினால், விற்கிற கம்பெனி அவளுக்கு ஒரு சிறு பங்கு தரும். இந்த வேலையை எத்தனையோ பேர் செய்கிறார்கள். பாதிப் பேர் பொருளைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. கம்பெனிப் படத்தையே எடுத்துப் போட்டு 'வேற லெவல்' என்று கத்துவார்கள். இவள் ஒவ்வொன்றையும் தன் காசில் ஒன்று வாங்குவாள், அதுவும் தன் லிங்க்கில் வாங்காமல் நேராக வாங்குவாள். வாங்கியதை யாருக்காவது இரவல் கொடுத்துவிட்டுக் காத்திருப்பாள். தானாகத் திரும்பி வந்தால் தள்ளுபடி. கேட்டு வாங்கவேண்டி வந்தால் லிங்க்.

அவள் பெயரை நான் எழுதப் போவதில்லை. 'அவள்' என்று எழுதுவதே கூச்சமாக இருக்கிறது. நேரில் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. 'வாங்க', 'போங்க', 'நீங்க' தான். அவள் ஊரைவிட்டுப் போய் நாலு வருஷம் ஆகிறது. எண் என்னிடம் இருக்கிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஆளுக்கு ஒரு வரி அனுப்பிக்கொள்கிறோம். பெங்களூர் இங்கிருந்து ஒரு ரயில் தூரம்தான். போகாமல் இருப்பதற்கு எனக்கு நானே சொல்லிக்கொள்ளக்கூட நல்ல காரணம் ஒன்றும் கிடையாது.

மாரிகுப்பம் ஸ்டேஷன் ரோட்டில் என் கடை. ஜெராக்ஸ், ரீசார்ஜ், நோட்டுப் புத்தகம், மழை பெய்தால் குடை. அப்பா ஆரம்பித்த கடை, அப்பா போனபிறகு எனக்கு வந்தது. கல்யாணம் ஆகவில்லை. முதலில் தங்கைகளுக்கு ஆகட்டும் என்றார்கள். தங்கைகளுக்கு ஆனபிறகு என்னைப் பற்றி யாருக்கும் ஞாபகம் வரவில்லை, எனக்கும்தான். அப்படி நாற்பத்திரண்டு வயது ஆகியிருந்தபோது, ஒருநாள் அவள் சாயந்திர ரயிலிலிருந்து இறங்கி நேராகக் கடைக்கு வந்து, "அண்ணா, இத ரெண்டு காப்பி எடுத்துக் குடுங்க" என்றாள்.

அண்ணா! அதோடு கதை முடிந்திருக்க வேண்டும்.

காப்பி எடுக்கக் கொடுத்தது ஒரு கம்பெனியின் விதிமுறைகள். பதினோரு பக்கம், எல்லாம் இங்கிலீஷ். ஒரு காப்பி தனக்கு, இன்னொன்று ரயிலில் கூட வரும் காலேஜ் பெண்களுக்கு. தெரியாத வார்த்தைகளுக்கு அவர்கள் அர்த்தம் எழுதித் தர வேண்டுமாம். லிங்க் போட்டுப் பிழைக்கிறவர்களில் விதிமுறையைப் படித்தவள் இவள் ஒருத்திதான் என்று இன்றைக்கும் பந்தயம் கட்டுவேன்.

அவள் பெங்களூரில் ஒரு கார்மெண்ட்ஸில் செக்கர். தைத்து வரும் சட்டைகளைப் பிரித்துப் பார்த்து, தையல் விட்டிருந்தால் தள்ளிவிடுகிற வேலை. விடிவதற்குமுன் ரயில் ஏறினால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவாள். கழுத்தில் ஒரு நாடாவில் நூல் வெட்டும் சின்னக் கத்தரி எப்போதும் தொங்கும். கம்பெனியில் கழற்றி வைக்க மறந்து அப்படியே வந்துவிடுவாள். பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் கண் நம் சட்டையின் பித்தான், காலர், தோள் தையல் என்று ஒரு சுற்றுச் சுற்றி வரும். கடைக்கு வருகிறவர்கள் அவள் நிற்பதைப் பார்த்தால் தோளை நிமிர்த்திக்கொள்வார்கள்.

ஒருமுறை என் காலரில் ஒரு நூல் தொங்கியது. பேச்சை நிறுத்தாமல் எட்டி, கத்தரியால் நறுக்கென்று வெட்டி, நூலை என் மேஜைமேல் வைத்துவிட்டு, மேலே பேசினாள். அவள் என்ன சொல்லிக்கொண்டிருந்தாள் என்று எனக்கு இப்போது ஞாபகமில்லை. அடுத்த வாரமெல்லாம் நானே காலரில் நூலைப் பிடுங்கி வைத்துக்கொண்டு நின்றேன். அது தையலோடு பிரிந்து இரண்டு சட்டை வீணாயிற்று. அவள் கவனித்தாள். "இன்னாங்க, சட்டை வாங்குற கடைய மாத்துங்க" என்றாள். அதற்குள் 'அண்ணா' போயிருந்தது. எந்த நாளில் போனது என்று நான் குறித்து வைக்கவில்லையே என்று வருத்தமாக இருக்கிறது. திடீரென்று ஒருநாள் பார்த்தால் வெறும் 'இன்னாங்க' மட்டும் நின்றிருந்தது.

நான்தான் முதலில் அவளுக்குத் தப்பான யோசனை சொன்னவன். கம்பெனிகளின் பட்டியலைப் பார்த்துவிட்டு, "இவன் பாருங்க, பங்கு ஜாஸ்தி தர்றான். இவங்கிட்டப் போலாமே" என்றேன். அவள் விதிமுறைக் காகிதத்தைத் திருப்பி, அடிக்கோடு போட்டிருந்த ஒரு வரியைக் காட்டினாள். லிங்க்கைத் தொட்டவர் ஒரு நாளுக்குள் வாங்கினால்தான் பங்கு, தாண்டினால் கிடையாது என்று இருந்தது. இன்னொரு கம்பெனி பங்கு கம்மி, ஆனால் ஒரு மாசம்வரை கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

"நம்ம ஊர்ல யாருங்க இன்னிக்குப் பாத்து இன்னிக்கே வாங்குறாங்க? பாப்பாங்க. பக்கத்து வீட்ல காட்டுவாங்க. மருமவ வேணாம்பா. பென்ஷன் வரட்டும்பாங்க. அப்புறம் வாங்குவாங்க. எனக்கு ஒரு மாசம் குடுக்குறவன்தான் வேணும்."

நானும் வியாபாரக் குடும்பம்தான். இரண்டு தலைமுறையாகக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறோம். எனக்கு அது தோன்றவில்லை.

பொருள் தேர்விலும் அப்படித்தான். வெளியூர்க்காரர்கள் அஞ்சு நட்சத்திரம் கொடுத்ததெல்லாம் அவளுக்குப் பொருட்டே இல்லை. எங்கள் ஊரில் தங்கச் சுரங்கத்திலிருந்து எடுத்து அரைத்துக் கொட்டிய மண் சாம்பல் நிறத்தில் குன்று குன்றாக நிற்கிறது. நாங்கள் சயனைடு மேடு என்போம். காற்றடிக்கிற மாசத்தில் அந்தத் தூள் வீட்டுக்குள் வந்து சோற்றுத் தட்டுவரை உட்காரும். தரை துடைக்கும் கட்டை, கொசுவலை, அடுப்பு மூடி, எதுவாக இருந்தாலும் காற்று மாசத்தைத் தாண்டினால்தான் அவளிடம் தேறும். அவள் வீடியோவில் முகம் வராது. சுரங்க ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய பத்துக்குப் பத்து லைன் வீட்டின் சிவப்புத் தரையும், அவள் கைகளும், குரலும் மட்டும். "இன்னா சொல்றதுன்னா, இத வச்சா நாம வெளிய படுக்கணும். அவ்ளோ பெரிசு. வேணாம்" என்று முடிகிற வீடியோக்கள்தான் அதிகம். வாங்காதே என்று சொல்லியே ஆள் சேர்த்தவள் அவள்.

எல்லாவற்றிலும் பெரிய வெற்றி அந்தத் தண்ணீர் மோட்டார். ஓர் உள்ளங்கை அளவுதான். டிரம்மில் குழாயை விட்டுப் பொத்தானை அழுத்தினால் தண்ணீர் மேலே ஏறி வரும். எங்கள் வீடுகளில் தண்ணீர் வருகிற அன்றைக்கு டிரம்மில் பிடித்து வைத்துக்கொண்டு வாரம் ஓட்டுவோம். அதை அவள் எதிர் லைனில் இருந்த ஒரு பெரியவருக்கு இரவல் கொடுத்தாள். மைன்ஸில் இருபது வருஷம் இறங்கி ஏறியவர், குனிந்தால் மூச்சு வாங்கும். ஒரு வாரம் கழித்துக் கேட்கப் போனாள். மனைவி ஊரில் இல்லை, வந்ததும் தருகிறேன் என்றார். மனைவி உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. இரண்டாவது தடவை மோட்டார்மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டுப் பேசினார். மூன்றாவது தடவை, "ஷிஃப்ட் முடியட்டும்மா, தர்றேன்" என்று வாய் தவறிச் சொன்னார். மைன்ஸ் மூடி அப்போதே இருபது வருஷம் ஆகியிருந்தது.

அன்றைக்கு அவள் ஓடி வந்து சொன்ன முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. "ஷிஃப்ட் முடியட்டும்னாருங்க! குடுக்கவே மாட்டாரு! லிங்க் போட்டுடலாம்!" மோட்டார் அவரிடமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். அவள் வீட்டில் எந்தப் பொருளும் தங்காது. நல்லதெல்லாம் அடுத்தவர் வீட்டில் இருக்கும், தேறாததெல்லாம் மூலையில் அடுக்கியிருக்கும். அவள் அம்மா அதைப் பற்றித் திட்டாத நாளில்லை.

அவள் புருஷன் கல்யாணமான மூன்றாம் வருஷம் வேலூர்ப் பக்கம் போனவன் போனவன்தான். லைனில் ஒரு பெண் அதைக் குத்திக்காட்டி, "நல்லது திரும்பி வராதுன்றியே, உன் வீட்டுக்காரரு வர்லியே?" என்று கேட்டுவிட்டாள். நானாக இருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். இவள் சிரித்துக்கொண்டே, "அத நான் இன்னும் போயி கேக்கலியே. கேட்டா உடனே குடுத்துடுவாங்க, கூட சர்க்கரையும் வச்சு" என்றாளாம். இதை அவளே என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

வேடிக்கையாகப் போய்க்கொண்டிருந்த இந்த வேலை அவளுக்கு வாழ்வா சாவா என்று ஆனது அம்மா விழுந்த பிறகுதான். ஒருநாள் காலையில் அவள் ரயிலேறிய சற்று நேரத்தில் அம்மா குளிக்கும் இடத்தில் வழுக்கி விழுந்திருக்கிறார். கதவு உள்தாழ்ப்பாள். காதும் மந்தம், யார் தட்டினாலும் கேட்காது. சாயந்திர ரயிலில் இவள் வந்து கதவை உடைக்கும்வரை அப்படியே ஈரத்தில் கிடந்தார். இடுப்பு எலும்பு தப்பியது, ஆனால் அதன்பிறகு தனியாக விடக்கூடிய நிலைமை இல்லை. பெங்களூருக்கு வரவும் மாட்டேன் என்றார். இந்த வீட்டில்தான் உன் அப்பா செத்தார், நானும் இங்கேயேதான் என்று ஒரே பிடிவாதம்.

"ஆறு மாசங்க," என்றாள் என்னிடம். "ஆறு மாசம் விடாம இந்த லிங்க்ல என் சம்பளத்துக்கு ஈடா வந்துடுச்சுன்னா, ரயில விட்டுடுவேன். அம்மாகூட வீட்லயே இருந்துடுவேன். அது வரைக்கும் பக்கத்து வீட்டு அக்கா பாத்துக்கிறேன்னாங்க."

அவள் ஊரிலேயே இருப்பாள் என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. லைன் வீட்டு நம்பர்கள் வெள்ளைக்காரன் காலத்தில் போட்டவை. ஒரே நம்பர் மூன்று லைனில் இருக்கும். கூரியர்க்காரர்கள் ரோட்டிலேயே நின்று போன் அடிப்பார்கள், சிக்னல் கிடைக்காது, 'வீட்டில் ஆள் இல்லை' என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். திரும்பிப் போனதற்கு அவளுக்குப் பங்கு கிடையாது. அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த அன்றைக்கு நான்தான் சொன்னேன். "எல்லாரையும் என் கடை அட்ரஸ் போடச் சொல்லுங்க. நான் வாங்கி வைக்கிறேன். நீங்க சாயங்காலம் வந்து குடுத்துடுங்க."

அதன்பின் வந்த ஐந்தாறு மாசம்தான் நான் வாழ்ந்தது என்று சொல்ல வேண்டும். பகலெல்லாம் பார்சல் வரும். ரயில் வரும் நேரத்துக்குக் கடை வாசலில் லைன்காரர்கள் கூடுவார்கள். அவள் பையைக் கல்லாவுக்குப் பின்னால் போட்டுவிட்டு, கழுத்துக் கத்தரியால் ஒவ்வொரு பார்சலாக வெட்டித் திறப்பாள். அவர்கள் கண்முன்னால் போட்டுக் காட்டி, ஒட்டி, அழுத்தி, குலுக்கிப் பார்த்துத்தான் கொடுப்பாள். குறை இருந்தால் அங்கேயே திருப்பி அனுப்பும் வேலையை முடித்துவிடுவாள், தனக்கு நஷ்டம் என்று தெரிந்தும். கூட்டம் கலைந்தபின் இரண்டு டீ வரும். ஒரு டீ குடிக்க எவ்வளவு நேரம் எடுக்கலாமோ அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு, இரண்டு பேரும் மோட்டார் பற்றியும் துடைப்பம் பற்றியும் பேசுவோம். வேறு எதைப் பற்றியும் ஒருநாளும் பேசியதில்லை. வேறு எதைப் பற்றியும் பேச வேண்டியதில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இடையில் ஒரு மத்தியானம் கூரியர்க்காரர் வந்தார். ஆட்டோ ஓட்டிவிட்டு இந்த வேலைக்கு வந்தவர், பங்காருபேட்டைக்காரர். பார்சலை இறக்கி வைத்துவிட்டு, "அண்ணா, இனிமே லைன் உள்ளயே போவச் சொல்லிட்டாங்க. போன்ல லொக்கேஷன் போட்டா வீட்டுக்கே குடுத்துடுவேன். ஜனங்ககிட்ட சொல்லிடுங்க, உங்களுக்கும் சும்மா ரோதனை" என்றார்.

"ஆகட்டும், சொல்றேன்" என்றேன்.

சொல்லவில்லை. ஒருவரிடமும் சொல்லவில்லை. அவளிடமும் சொல்லவில்லை. பார்சல் வீட்டுக்கே போய்விட்டால் அவள் எதற்கு என் கடைக்கு வரவேண்டும்? யாருக்கு என்ன கெடுதல் என்று என்னை நானே சமாதானம் பண்ணிக்கொண்டேன். பார்சல்கள் வழக்கம்போலக் கடைக்கே வந்துகொண்டிருந்தன.

ஐந்தாவது மாசமும் சம்பளத்துக்கு ஈடாக வந்துவிட்டது. ஆறாவது மாசத்தின் இரண்டாவது வாரம், ரயிலிலிருந்து இறங்கியவள் கடைக்குள் வந்து போனை நீட்டினாள். லிங்க் கம்பெனியிலிருந்து மெயில். அவள் லிங்க் வழியாகப் போன ஆர்டர்கள் ஏறக்குறைய எல்லாமே ஒரே முகவரிக்குப் போயிருக்கின்றன, ஆகவே அவளே தன் லிங்க்கில் வாங்கிக்கொள்கிறாள், அது விதிமீறல், கணக்கு மூடப்பட்டது என்று எழுதியிருந்தது. எந்த முகவரி என்றும் போட்டிருந்தது. என் கடைப் பெயரை இங்கிலீஷில் அவ்வளவு சுத்தமாக நான் அதுவரை பார்த்ததில்லை.

"என் லிங்க்ல நான் ஒரு ஸ்பூன்கூட வாங்குனதில்லியேங்க" என்றாள். அதை மட்டும் மூன்று தடவை சொன்னாள்.

செய்தி லைனுக்குப் போனதும் எல்லோரும் கொதித்துப் போனார்கள். அநியாயம் நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் ஊருக்குத் தெரியும், மனு எழுத வேண்டும். அந்தத் தண்ணீர் மோட்டார் பெரியவர்தான் முன்னால் நின்றார். ஒரு காலத்தில் யூனியனில் இருந்தவர். 'மாண்புமிகு மேலாளர் அவர்களுக்கு' என்று தொடங்கி மூன்று பக்கம் எழுதினார். பொருள் வாங்கிய அத்தனை பேரும் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டார்கள். பென்ஷன்காரர்கள் பழக்கதோஷத்தில் பேருக்குப் பக்கத்தில் மைன்ஸ் டோக்கன் நம்பரையும் எழுதினார்கள். காலேஜ் பெண்கள் அதை இங்கிலீஷில் பெயர்த்துக் கொடுத்தார்கள். நான் ஸ்கேன் செய்து அனுப்பினேன்.

அனுப்பிய பிறகுதான் பார்த்தேன். கையெழுத்துக்குக் கீழே முகவரி என்ற இடத்தில் ஒருவர்கூடத் தன் வீட்டு நம்பரை எழுதவில்லை. வீட்டு நம்பர் எழுதினால் பார்சல் வராது என்று பழகியவர்கள், பதில் மட்டும் எப்படி வரும் என்று நினைத்திருப்பார்கள் போல. அத்தனை பேரும் ஒன்றுபோல என் கடை முகவரியையே எழுதியிருந்தார்கள். இரண்டாம் நாள் பதில் வந்தது. தீர்மானம் இறுதியானது என்றும், இந்தப் பெயரில் இனிக் கணக்கு தொடங்க முடியாது என்றும் இரண்டு வரி.

வேறு வழியே இல்லாமல் போகவில்லை. அவள் வீடியோவைப் பார்ப்பவர்கள் நிறையப் பேர் என்று தெரிந்து, ஒரு கடன் ஆப்காரன் போன் செய்தான். லிங்க் மட்டும் போட்டால் போதும், பழைய கம்பெனி கொடுத்ததைப்போலப் பல மடங்கு தருவதாகச் சொன்னான். என் எதிரில்தான் பேசினாள். நான் எழுதிக் காட்டினேன், 'சரி என்று சொல்லுங்க' என்று. அவள் ஊரில் இருந்தால் போதும் எனக்கு, எது விற்றால் என்ன என்ற இடத்துக்கு நான் வந்திருந்தேன்.

அவள் போனை வைத்துவிட்டு என் காகிதத்தைப் படித்தாள். கோபம் வரவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள்.

"இத யாருக்குங்க நான் இரவல் குடுத்துப் பாக்கறது? அந்தப் பெரியவருக்கா?"

பெங்களூரில் கார்மெண்ட்ஸ் கம்பெனிக்குப் பக்கத்திலேயே ஓர் அறை பார்த்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஓடிப்போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வரலாம். வரவே மாட்டேன் என்ற அம்மாவை எப்படிச் சம்மதிக்க வைத்தாள் என்று எனக்குத் தெரியாது. இரண்டு நாள் லைனே கேட்கும்படி அழுகை என்று சொன்னார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ரயில். நான் கடையைத் திறக்காமல் ஸ்டேஷனுக்குப் போனேன். மாரிகுப்பம்தான் கடைசி ஸ்டேஷன், வண்டி இங்கேயே கிளம்புகிறது. அதனால் முன்கூட்டியே வந்து நின்றுகொண்டிருக்கும். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து பிளாட்பாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டிகளை ஏற்றிக்கொடுத்தேன். எதிர் சீட்டில் உட்கார்ந்தேன். அன்றைக்காவது சொல்லிவிட வேண்டும், பழியைத் தலையில் வைத்துக்கொண்டு கடையில் உட்கார முடியாது என்று முடிவெடுத்துத்தான் போயிருந்தேன்.

"ஒண்ணு சொல்லணுங்க. தப்பு எம்மேலதான். கூரியர்க்காரரு லைன் உள்ளயே வந்து குடுக்கறேன்னு எப்பவோ சொன்னாரு. நான்தான் யாருக்கும் சொல்லல. சொல்லியிருந்தா ஆளுக்கு ஒரு அட்ரஸ் ஆயிருக்கும். உங்க கணக்கு போயிருக்காது. நீங்களும் போவ வேண்டி வந்திருக்காது."

அவள் அம்மாவின் முந்தானையைச் சரிசெய்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்று காத்திருந்தேன்.

"தெரியுங்க" என்றாள்.

"இன்னா தெரியும்?"

"அவரு அந்த ஞாயித்துக்கிழமையே எங்க லைனுக்கு வந்து என்னையும் கேட்டாரு. கடைக்காரர்கிட்ட சொன்னேன், அவரு யாருக்கும் சொல்லல போல, இனிமே வீட்டுக்குக் குடுக்கட்டுமான்னு." அம்மாவின் முந்தானையை மறுபடி இழுத்துவிட்டாள். "வேணாம், கடைக்கே குடுத்துடுங்கன்னு நான்தான் சொன்னேன்."

"ஏங்க?"

அவள் நேராக என்னைப் பார்த்தாள். அவ்வளவு நாளும் சட்டையையும் காலரையும் பார்த்த கண், அன்றைக்குத்தான் என் முகத்தைப் பார்த்தது.

"நீங்க ஏன் சொல்லலியோ, அதுக்குத்தான்" என்றாள்.

வண்டி கிளம்ப இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. அம்மாவுக்குக் காது கேட்காது. பெட்டியில் வேறு யாரும் இல்லை. அவள் முந்தானையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று காத்திருந்தாள். நான் எழுந்து நின்றேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"தண்ணி பாட்டில் வாங்கியாரட்டுமா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "வாங்கிட்டு வாங்க" என்றாள். வாங்கிக் கொடுத்தேன்.